நாலாவது மூலை

ஒருவர் மேல் ஒருவர் கேஸ் போட்டவர்கள் கோர்ட் வராண்டாவில் எப்படி உட்காருவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். உத்தமபாளையம் கோர்ட்டுக்கு எதிரே பல வருடம் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவள் நான். வாதி ஒரு கோடியில் இருப்பார், பிரதிவாதி மறு கோடியில் இருப்பார். நடுவில் கிடக்கும் பெஞ்சு காலியாகவே கிடக்கும். கையெழுத்து வாங்கவும் நகல் கொடுக்கவும் அந்த வராண்டாவில் நாள் முழுக்க நடந்து, முறைப்பது, முணுமுணுப்பது, மண்ணை வாரித் தூற்றுவது எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் வாதியும் பிரதிவாதியும் சேர்ந்து ஒரே சால்வையைப் பின்னியதை ஒரே ஒரு கேஸில்தான் பார்த்தேன்.

வாதியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எத்தனையோ மனுக்களில் டைப் அடித்திருக்கிறேன். இங்கே அது வேண்டாம். கூடலூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, கையில் ஒரு தூக்குவாளி. முதல் நாள் அந்த வாளியில் சோறு இருக்கிறது என்று நினைத்தேன். மூடி இடுக்கிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு நூல் வந்து அவர் மடியில் இருந்த ஊசிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆடிக் காற்று எங்கள் ஊரில் கேஸ் கட்டையே தூக்கிக்கொண்டு போகும், உல்லன் நூல் உருண்டையை விடுமா? அதனால் உருண்டையை வாளிக்குள் போட்டு மூடி வைத்திருந்தார்.

“என்னக்கா, ஸ்வெட்டரா?” என்று கேட்டேன்.

“சால்வை. ஒடம்பு நான் போடல. ஓரம் மட்டுந்தேன் என்னுது.”

“ஒடம்பு யாரு போட்டாக?”

அவர் நிமிராமல் ஊசியாலேயே வராண்டாவின் மறு கோடியைக் காட்டினார். அங்கே பிரதிவாதி உட்கார்ந்திருந்தார், அதாவது அவருடைய கூடப் பிறந்த தங்கை.

எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்படி ஒரு குறுகுறுப்பு. அடுத்தவர் கதை என்றால் காது நீளும் சாதி நான். கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் சின்ன வயதில் கான்வென்ட் ஹாஸ்டலில் ஒரு சிஸ்டரிடம் பின்னல் கற்றவர்கள். தங்கையைக் குமுளியில் கட்டிக் கொடுத்தார்கள். அவர் வீட்டுக்காரர் அங்கே ஏலக்காயும் மிளகும் விற்கும் கடை வைத்திருக்கிறார். தேக்கடி பார்க்க வருகிற கூட்டம் பாதிக்கு மேல் குளிருக்கு ஒன்றும் கொண்டு வராது. கடையில் தொங்கும் சால்வையைப் பார்த்ததும் வாங்கிப் போர்த்திக்கொள்ளும். தங்கை விறுவிறுவென்று நடுப்பகுதியைப் பின்னிவிடுவார். ஓரம் அவருக்கு வராது. அக்காவுக்கு ஓரம்தான் வரும், நடுவில் ஒரே மாதிரி போய்க்கொண்டே இருந்தால் தூக்கம் வந்துவிடும். கல்யாணம் ஆன நாளிலிருந்து தங்கை உடம்பு, அக்கா ஓரம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா இறந்த பிறகு திராட்சைத் தோட்டத்தைப் பங்கு வைத்தார்கள். எல்லாம் சரியாகத்தான் பிரிந்தது, வடகிழக்கு மூலை தவிர. அந்த மூலையில்தான் போர்வெல் இருந்தது, மோட்டார் ரூம் இருந்தது. அது எனக்குத்தான் என்று அப்பா வாயால் சொல்லிவிட்டுப் போனார் என்று இரண்டு பேருமே சொன்னார்கள். அப்பாவின் முதல் வருடப் பூசை முடிந்து கோயில் வாசலில் வார்த்தை முற்றிவிட்டது. இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன், உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அக்கா சொல்ல, தங்கையும் அதையே திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ரகம். அங்கேதான் வம்பு.

“அப்புறம் எப்படிக்கா சால்வை மட்டும் வருது?”

“கோர்ட்டு யாரு வாசலும் இல்லல்ல? அங்கன வச்சுக் குடுத்தா என்ன? கேஸு வேற, சால்வை வேற. அது வேற, இது வேற.”

இந்த “அது வேற, இது வேற” என்பதை அவர் வாயிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மனிதர்களை அவர் டிபன் கேரியர் மாதிரி அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு அடுக்குக் குழம்பு இன்னொரு அடுக்கில் சிந்தாது.

தங்கையின் வக்கீல் ஒருநாள் அக்காவைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்தார். நானும் போய்க் கதவோரம் நின்றேன். நீங்கள் சொல்வது அத்தனையும் பொய், பேராசையால் கேஸ் போட்டிருக்கிறீர்கள் என்று வக்கீல் போட்டுத் தாக்கினார். நடுநடுவே அவருக்கு இருமல், நாலு வார்த்தைக்கு ஒரு தரம் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். அக்கா எல்லாவற்றுக்கும் நறுக்கென்று பதில் சொன்னார். அடுத்த வாய்தாவுக்கு வந்தவர் நேராக அந்த வக்கீலிடம் போய் ஒரு மப்ளரை நீட்டினார். ஓரத்தில் சிப்பி சிப்பியாகப் பின்னல்.

“சார், கோர்ட்டுல என்னையப் பொய்க்காரின்னீக. அது வேற. இத கழுத்துல சுத்திக்கங்க, சளி நெஞ்சுல எறங்கிரும். இது வேற.”

வக்கீல் வாங்குவதா வேண்டாமா என்று முழித்தார். கட்சிக்காரர் எதிரில் இருக்கிறாரே! தங்கையைத் திரும்பிப் பார்த்தார். தங்கை முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே, வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அதன் பிறகு அந்த வக்கீல் அக்காவை எதிர்த்து வாதாடும்போதெல்லாம் அக்கா பின்னிய மப்ளரோடுதான் வாதாடினார்.

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள் நான். அதற்கு என்னை யாரும் நியமிக்கவில்லை, நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். வாய்தாவுக்குத் தங்கை குமுளியிலிருந்து ஜீப் பிடித்து, பஸ் மாறி வருவார். முடிக்காத சால்வையை ஒரு மஞ்சப் பையில் வைத்து என்னிடம் தருவார். நான் இந்தக் கோடிக்குக் கொண்டுவருவேன். அக்கா போன தடவை வாங்கியதை முடித்துத் தருவார், அதை அந்தக் கோடிக்குக் கொண்டுபோவேன். பையோடு சேதியும் போகும். வேலையைப் பற்றிய சேதி மட்டும்தான், வேறு ஒரு வார்த்தை இருக்காது.

“நூலு முறுக்கு பத்தலன்னு சொல்லு” என்பார் அக்கா.

“மோளே, ஓரத்த ரொம்பச் சன்னமாப் போட வேண்டாம்னு சொல்லு. லேசா அகலமாப் போட்டா மதி. கண்ணாடி மாத்தாம உக்காந்து பின்னுறா” என்பார் தங்கை. குமுளி போய் அவர் பேச்சில் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வந்து சொல்வேன். “கண்ணு என் கண்ணு, அவளுக்கென்ன?” என்பார் அக்கா. அடுத்த வாய்தாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருப்பார்.

ஓரம் பின்னுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். சால்வையின் நாலு பக்கமும் கண்ணிகள் ஒரு மாற்று நூலில் கோத்து நிற்கும். அக்கா நாலு விரல் அகலத்துக்கு ஓரத்தைத் தனியாகத் தொடங்கி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒவ்வொரு தரம் திரும்பும்போதும் சால்வையின் ஒரு கண்ணியைப் பிடித்துச் சேர்த்துக்கொண்டே நகர்வார். மூலை வந்ததும் மட்டும் நகர மாட்டார். ஒரே கண்ணியில் திரும்பத் திரும்பப் பின்னிக்கொண்டே இருப்பார். ஊசி மாட்டிக்கொண்டதோ என்று நினைத்தேன்.

“மூலைக்குக் கூடக் குடுக்கணும். மத்த எடத்துக்குக் குடுக்குற மாதிரியே குடுத்தா மூல சுருட்டிக்கிட்டு மேல வந்துரும். எம்புட்டு நனைச்சுக் காயப் போட்டாலும் படியாது.”

முடித்த சால்வையை நனைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தையில் விரித்துச் சுற்றிலும் குண்டூசி குத்திக் காய வைப்பார். அந்தக் குண்டூசியெல்லாம் என் கடையிலிருந்து போனவை. எந்த ஒரு டப்பாவும் திரும்பி வந்ததாக நினைவில்லை.

மனசில் ஒன்று வந்துவிட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. கேட்டேவிட்டேன். “சால்வையில மூலைக்கு இம்புட்டுக் குடுக்கீக. நெலத்துல அந்த மூலையத் தங்கச்சிக்குக் குடுத்தாத்தேன் என்னக்கா?”

ஊசி நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நிதானமாகத்தான் சொன்னார்.

“எங்கய்யா சாகக் கெடக்கும்போது என் கையப் பிடிச்சுச் சொன்னாக. அதுல பொய் கெடையாது. அவகிட்டயும் சொல்லியிருப்பாக போல. அவளும் பொய் சொல்லுறவ இல்ல. ரெண்டு பேருகிட்டயும் சொன்னவுக போய்ச் சேந்துட்டாக. நான் விட்டுக் குடுத்தா எங்கிட்டச் சொன்னது பொய்யின்னு ஆயிரும்ல?”

“அப்ப பொதுவுல வச்சுக்கலாம்ல?”

“அது வேற, இது வேற. நீ போயி ஜெராக்ஸ் எடு.”

கொரோனா வந்து கோர்ட்டை மூடினார்கள். குமுளி செக்போஸ்ட்டையும் மூடினார்கள். ஒருநாள் என் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தபோது அக்கா குனிந்து உள்ளே வந்தார். இ-பாஸ் போட வேண்டுமாம். தங்கை வீட்டுக்குப் போக இல்லை, செக்போஸ்ட் வரைக்கும் போகத்தான். அங்கேயும் யார் வாசலும் கிடையாது என்று யோசித்து வைத்திருந்தார். காரணம் போட வேண்டிய இடத்தில் மருத்துவம், திருமணம், இறப்பு என்று இருந்தது.

“சால்வைக்கு எதப் போடுவ?” என்றார்.

சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாஸ் கிடைக்கவில்லை. கடைசியில் கம்பத்திலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லாரி ஒன்று திரும்பி வரும்போது மஞ்சப் பையைக் கொண்டுவந்தது. பை முழுக்க மருந்து தெளித்த வாடை. அக்கா லாரி டிரைவரை விடவில்லை.

“அவ எப்படி இருக்கா? மெலிஞ்சிருக்காளா?”

“கடைப் பையன்தான் குடுத்தான். நான் யாரையும் பாக்கலீங்களே.”

அந்தச் சால்வையின் ஓரம் அக்காவுக்கு ஒட்டவே இல்லை. பின்னிப் பிரித்தார், மறுபடி பின்னிப் பிரித்தார். நூல் வந்துவிட்டது, வேலை வந்துவிட்டது, பிறகென்ன என்று கேட்டேன். “மூஞ்சியப் பாக்காம கை ஓட மாட்டேங்குது புள்ள” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த வராண்டாவுக்கு அவர் வந்துகொண்டிருந்தது நிலத்துக்காக மட்டும் இல்லை. பேச முடியாது, வீட்டுக்குப் போக முடியாது. வாய்தா இருந்தால்தான் தங்கை கண்ணில் படுவாள்.

கோர்ட் திறந்தது. மறுபடியும் வாய்தா, மறுபடியும் மஞ்சப் பை. பிறகு வாதம் முடிந்தது, தீர்ப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள். மற்ற கட்சிக்காரர்கள் தீர்ப்பு தேதி வந்துவிட்டால் வேளாங்கண்ணிக்கோ வீரபாண்டிக்கோ வேண்டிக்கொள்வார்கள். அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தோற்றுவிடுவோம் என்ற பயமாக்கும் என்று நினைத்துத் தைரியம் சொன்னேன்.

“ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன, கேஸு முடிஞ்சிரும்லத்தா” என்றார்.

தீர்ப்பு நாளில் அக்கா ஜெயித்தார். மூலை அவருக்கு. வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ஜெயித்தவர் முகமாகவே இல்லை. தங்கை அன்றைக்குப் பை எதுவும் கொண்டுவரவில்லை. அக்கா தன் பையை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே இருந்த சால்வையில் மூன்று மூலையும் நீட்டாகப் படிந்திருந்தது. நாலாவது மூலை திறந்து கிடந்தது. ஓரத்துக் கண்ணிகளை ஒரு வெள்ளை நூலில் கோத்து, முடிச்சுப் போட்டு அப்படியே விட்டிருந்தார்.

“இன்னும் முடியலையேக்கா.”

“முடியல. அப்படியே குடு.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கை சால்வையை மடியில் விரித்தார். ஒவ்வொரு மூலையாகத் தடவிக்கொண்டே வந்து நாலாவதில் நின்றார். இத்தனை வருடத்தில் அக்கா முடிக்காமல் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

“இதென்ன, தெறந்து கெடக்கு?”

“அக்காகிட்டத்தேன் கேக்கணும்.”

“நான் எதுக்குக் கேக்கணும்? தோத்தவ நானு” என்று சால்வையைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா கடைக்கு வந்தார். ரொம்ப நேரம் கால்குலேட்டரையும் ஸ்டேப்ளரையும் இடம் மாற்றி மாற்றி வைத்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்.

“அவ அப்பீலு போடுவாளா?”

“நீங்கதானக்கா ஜெயிச்சீக! அவுக அப்பீல் போட்டா நீங்கள்ல திரும்ப அலையணும்?”

“போடணும்னா என்னென்ன செய்யணும்? அவ வக்கீலுக்கு ஞாபகம் இருக்குமா? அந்தாளு மறதிக்காரரு. நீ லேசா காதுல போட்டு வையேன்.”

ஜெயித்த கட்சிக்காரர், தோற்றவர் மேல்முறையீடு செய்ய வேண்டுமே என்று கவலைப்படுவதை அந்தக் கோர்ட் கண்டிருக்காது. நான் அந்த வக்கீல் காதில் போடவில்லை. போடலாமா என்று இரண்டு மூன்று தரம் நினைத்தது உண்மை. அதற்குப் பிறகு அக்கா கேஸ் எதுவும் இல்லாமலேயே கோர்ட்டுக்கு வந்து அதே கோடியில் உட்கார்ந்துவிட்டுப் போவார். வாளி இருக்கும், மூடியிலிருந்து நூல் வராது. எனக்கு அந்தப் பக்கம் போகவே பிடிக்காமல் இருந்தது.

அப்பீலுக்கு நாள் முடியப் போகிறது என்று நானும் நம்பிக்கையை விட்டிருந்தேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அக்கா ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் கடந்து ஓடி வந்தார். ஜீப்காரன் ஒருவன் பிரேக்கைப் போட்டுத் திட்டினான். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருபவர் மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

“நோட்டீசு வந்திருச்சு புள்ள! சப் கோர்ட்டுலருந்து! படி, படி. யாரு போட்டதுன்னு படி.”

தங்கையின் பெயரைப் படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

“விட மாட்டேன்னு காட்டிட்டா பாத்தியா. எங்கய்யா மக.” கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே குரலை மாற்றினார். “நானும் விட மாட்டேன். மூல என்னுதுதேன். நல்ல வக்கீலா வைக்கணும். வாய்தா என்னைக்குப் போட்டிருக்கு?”

அதே காம்பவுண்டில் இருக்கும் சப் கோர்ட் வராண்டாவிலும் முதல் வாய்தாவில் இரண்டு பேரும் இரண்டு கோடியைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கை என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு மஞ்சப் பையைத் தந்தார். கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தேன். உள்ளே அதே சால்வை. அந்த நாலாவது மூலையைத் தங்கை தானே பின்னிப் பார்த்திருக்கிறார்! கண்ணி கண்ணியாக நேர் பக்கத்துக்குப் பின்னுவதுபோலவே பின்னி முடித்திருந்தார். மூலை அப்பளம் பொரிந்த மாதிரி சுருட்டிக்கொண்டு மேலே நின்றது.

அக்கா அதைக் கட்டை விரலால் அமுக்கினார். எழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி எழுந்தது.

“ஏத்தா, போய்ச் சொல்லு. மூலைக்குக் குடுக்கத் தெரியாதவளுக்கு மூல எதுக்குன்னு கேட்டேன்னு சொல்லு.”

வேலை தவிர வேறு சேதி போனதே இல்லை. இது வேலையைப் பற்றிய சேதிதானா என்று எனக்கே சந்தேகம். நடந்துபோய்ச் சொன்னேன். தங்கை தயாராக இருந்தவர்போல உடனே சொன்னார்.

“போய்ச் சொல்லு மோளே. குடுக்கத் தெரிஞ்சவ நெலத்துல குடுக்கட்டும்னு சொல்லு.”

திரும்பி நடந்து வந்து, ஒரு எழுத்து மாற்றாமல் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை எட்டி, வராண்டாவின் நீளத்துக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

“அது வேற, இது வேறடீ!”

வக்கீல்கள், குமாஸ்தாக்கள், ஜாமீனுக்கு வந்தவர்கள் என்று மொத்தக் கூட்டமும் திரும்பியது. டவாலி ஓடி வந்து “சத்தம் போடாதீகம்மா, ஐயா உள்ள இருக்காக” என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கோயில் வாசலில் சொன்ன சொல் உடைந்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்ததுபோல இருந்தது. நான் மறு கோடியைப் பார்த்தேன். தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அவர்கள் கேஸைக் கூப்பிட்டார்கள். இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு பேரும் எழுந்து நடந்து வந்தார்கள். கோர்ட் ஹால் கதவு நடுவில் இருந்ததால் வாசலில் நேருக்கு நேர் நிற்க வேண்டியதாகிவிட்டது. அக்கா தங்கையைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார்.

“மெலிஞ்சுதேன் போயிருக்க” என்றார். பிறகு சுவரோடு ஒட்டி நகர்ந்து வழிவிட்டார். “இந்தத் தடவ கேஸு உன்னுது. நீ மொதல்ல போ.”